சேலத்தில் மறுவாழ்வு மருத்துவரைத் தேடிக் கண்டடைவது எப்படி

பக்கவாதம் வந்து பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்த என் தந்தையை வீட்டுக்கு அனுப்பியபோது, எங்கள் கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசியில், மாத்திரைப் பெயர்களுக்கெல்லாம் கீழே, ‘பிசியோதெரபி தொடரவும்’ என்று ஒரு வரி எழுதியிருந்தது. யாரிடம், எத்தனை நாள், எந்த நிலையை எட்டும் வரை என்பது எதுவும் அதில் இல்லை. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு நாங்கள் கழித்த நான்கு மாதங்களில், செயலிழந்த இடக்கையைப் பிடித்து இழுத்தே அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பப் பழகிவிட்டோம். தோள்வலியால் அவருக்கு இரவுத் தூக்கம் அறவே போன பிறகுதான், தெரிந்தவர் ஒருவர் சொல்லி, மறுவாழ்வு மருத்துவர் ஒருவரிடம் போனோம். அவர் எந்த ஸ்கேனையும் கேட்பதற்கு முன் சட்டையைக் கழற்றச் சொல்லி, தோள்பட்டை எலும்பின் முனைக்கும் கை எலும்பின் தலைக்கும் நடுவில் தம் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். விரல் உள்ளே இறங்கும் அளவுக்கு அங்கே பள்ளம் விழுந்திருந்தது. “இந்தக் கையைப் பிடிச்சு இனிமே யாரும் தூக்காதீங்க” என்றார். முதல் நாளே எங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய சொல் அது.

அந்த நான்கு மாதம் இன்னொரு குடும்பத்துக்கு வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். சேலம் நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஏற்காட்டு மலைக்கிராமங்களிலும் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

இவர் எந்த மருத்துவர்

‘பிசியோ’ என்றால் நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ‘பி.எம்.ஆர். டாக்டர்’ என்றால் மருந்துக் கடையில்கூட விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. பிசிக்கல் மெடிசின் அண்ட் ரீஹேபிலிட்டேஷன் என்பதன் சுருக்கம்தான் பி.எம்.ஆர். எம்.பி.பி.எஸ். முடித்தபின் இத்துறையில் இரண்டு அல்லது மூன்றாண்டு மேற்படிப்பு படித்தவர் இந்த மருத்துவர். எலும்பு மருத்துவர் முறிந்ததைச் சேர்த்துவைக்கிறார். நரம்பியல் மருத்துவர் மூளையிலும் நரம்பிலும் என்ன நேர்ந்தது என்று கண்டு மருந்து தருகிறார். அவர்கள் வேலை முடிந்த பின்னும் நடக்க முடியாமல், உண்ண முடியாமல், சிறுநீரை அடக்க முடியாமல், பழைய தொழிலுக்குத் திரும்ப முடியாமல் இருக்கிறாரே ஒருவர், அவருடைய மீதி வலிமையை அளந்து, அதைக்கொண்டு அவர் எந்த அளவுக்குத் தம் வாழ்க்கையைத் தாமே நடத்தலாம் என்று திட்டமிடுபவர் மறுவாழ்வு மருத்துவர்.

பிசியோதெரபிஸ்ட் அவருக்கு மாற்று அல்லர். அவர் பிசியோதெரபிஸ்டுக்கு மாற்றும் அல்லர். நாள்தோறும் பக்கத்தில் நின்று காலை நீட்ட வைத்து, எழுந்து நிற்க வைத்து, தடுமாறும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்பவர் பிசியோதெரபிஸ்ட்தான். என் தந்தை இன்று நடக்கிறார் என்றால் அதில் பாதிக்கு மேல் அந்தக் கைகளின் உழைப்பு. ஆனால் விறைத்துப்போன தசையைத் தளர்த்த ஊசி போடலாமா, மாத்திரையைக் கூட்டலாமா, தோளுக்கு என்ன தாங்கி வேண்டும், பாதம் தொங்குவதற்கு எந்த வகைப் பிளாஸ்டிக் பட்டை வேண்டும், விழுங்கும்போது இருமுவது ஆபத்தான இருமலா, சிறுநீர்க்குழாயை எப்போது எடுக்கலாம் என்பன போன்ற முடிவுகளை ஒரு மருத்துவர்தான் எடுக்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட், அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், செயற்கைக் கால் செய்பவர் ஆகிய எல்லாருடைய வேலையையும் ஒரே இலக்கு நோக்கிக் கட்டிப்போடும் கயிறு அந்த முடிவுகள்.

இந்தியாவில் இத்துறை வேரூன்றியதில் நம் பக்கத்து வேலூருக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை நம்மில் பலர் அறிந்திருப்பதில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவர் முயற்சியால் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் 1966-இல் எழுந்தது. எழுந்து நடக்க மாட்டோம் என்று சொல்லப்பட்டவரைப் பார்த்து ‘அப்படியானால் அடுத்து என்ன செய்யலாம்’ என்று கேட்கும் மருத்துவம் இது என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

யாருக்கு, எப்போது

பக்கவாதம், முதுகுத்தண்டு அடி, தலைக்காயம், கை கால் இழப்பு, மூளை முடக்குவாதத்தோடு பிறந்த குழந்தை, கில்லன் பாரே போன்ற நரம்பு நோய்க்குப் பின் வரும் தளர்ச்சி, பெரிய தீக்காயத்துக்குப் பின் இழுத்துக்கொண்ட மூட்டு, பல மாதமாகியும் விடாத முதுகுவலி, கழுத்துவலி, தோள்வலி என்று பட்டியல் நீளமானது. இவற்றில் பக்கவாதத்துக்கும் முதுகுத்தண்டு அடிக்கும் காலம் மிக முக்கியம். பக்கவாதத்தில் மீட்சி பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் வேகமாக நடக்கிறது. அதன் பின்னும் நடக்கும், ஆனால் வேகம் குறையும். எனவே நோயாளி வார்டில் இருக்கும்போதே, வீட்டுக்கு அனுப்பும் நாளுக்கு முன்பே, “பி.எம்.ஆர். டாக்டர் ஒருவர் இவரைப் பார்க்க ஏற்பாடு செய்ய முடியுமா” என்று கேட்டுவிடுங்கள். இக்கட்டுரையில் ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும். முகம் கோணுவது, ஒரு பக்கக் கை விழுவது, பேச்சுக் குழறுவது திடீரெனத் தொடங்கினால் அது மறுவாழ்வு மருத்துவரைத் தேடும் நேரம் அன்று. 108-ஐ அழைத்து ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டிய நேரம். அடைப்பைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதுபோல, முதுகுவலியோடு திடீரென இரண்டு காலும் தளர்ந்து, சிறுநீர் போகாமல் அடைத்துக்கொண்டால் அதுவும் அவசரமே.

பட்டத்தைப் படித்துப் பாருங்கள்

பெயர்ப்பலகையில் ‘டாக்டர்’ என்ற சொல்லை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எம்.டி. பி.எம்.ஆர்., டி.என்.பி. பி.எம்.ஆர்., அல்லது இத்துறையின் இரண்டாண்டு டிப்ளமா ஆகியவற்றில் ஒன்று எம்.பி.பி.எஸ்.-க்குப் பின்னால் இருக்க வேண்டும். பி.பி.டி., எம்.பி.டி. என்பவை பிசியோதெரபிப் பட்டங்கள். மதிப்புக்குரிய படிப்புகள்தான், ஆனால் அவற்றைப் படித்தவர் மருந்தோ ஊசியோ எழுதித் தரும் மருத்துவர் அல்லர். எம்.பி.டி. என்பதை எம்.டி. என்று அவசரத்தில் படித்துவிட்டு ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்; பலகையை எழுதியவர் மீது அதில் தவறில்லை.

மருத்துவர் எழுதும் மருந்துச் சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த எண்ணையோ பெயரையோ தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்திலும் தேசிய மருத்துவ ஆணையத்தின் இந்திய மருத்துவப் பதிவேட்டிலும் இட்டுப் பார்த்தால் விவரம் வந்துவிடும். மேற்படிப்பைப் பதிவு செய்திருக்கிறாரா என்பதையும் பாருங்கள். இதைச் செய்வது மருத்துவரை அவமதிப்பது ஆகாது. நல்ல மருத்துவர் எவரும் இதற்கு வருந்த மாட்டார்.

சேலத்தில் எங்கிருந்து தொடங்குவது

நகரின் நடுவே இருக்கும் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். பணமில்லாதவர்களுக்கு மட்டும் சொல்லும் யோசனை அன்று இது. பின்னால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கோ, அரசு தரும் உபகரணத்துக்கோ, காப்பீட்டுக்கோ போகும்போது அங்கே பதிவான ஓ.பி. சீட்டும் பரிசோதனைக் குறிப்பும் கையில் இருப்பது பெரிய உதவி. காலையில் ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்திலேயே, “பி.எம்.ஆர். டாக்டர் பார்க்கும் நாள் எது, எந்த அறை” என்று தெளிவாகக் கேளுங்கள். “பிசியோதானே?” என்று திருப்பிக் கேட்டால், “பிசியோவுக்கு எழுதித் தருகிற டாக்டரைப் பார்க்க வேண்டும்” என்று பொறுமையாகச் சொல்லுங்கள். அங்கே வழி தெரியவில்லை என்றால், நோயாளியை ஏற்கெனவே பார்த்த எலும்புப் பிரிவிலோ நரம்பியல் பிரிவிலோ போய், மறுவாழ்வு மருத்துவத்துக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். கடிதம் இருந்தால் வேறெந்த ஊருக்குப் போனாலும் முதல் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. உடல்நலம் குறித்த ஐயங்களுக்கு 104 என்ற அரசு உதவி எண்ணும் இருக்கிறது.

தனியார் மருத்துவமனை என்றால், வண்டி ஏற்பாடு செய்து நோயாளியைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் தொலைபேசியில் பேசிவிடுவதே நல்லது. வரவேற்பில் இருப்பவர் ‘இருக்காங்க, வாங்க’ என்று சொல்லிவிடுவார். போன பிறகுதான் அவர் சொன்னது பிசியோதெரபிப் பிரிவை என்று தெரியும். ஆகவே நான் நான்கைந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசினேன். அந்த மருத்துவர் படித்தது எம்.டி. பி.எம்.ஆர். தானா, தினமும் இருப்பவரா, குறிப்பிட்ட நாளில் வெளியூரிலிருந்து வந்து பார்ப்பவரா, பக்கவாத நோயாளிகளை வழக்கமாகப் பார்க்கிறாரா, ஆக்குபேஷனல் தெரபியும் பேச்சுப் பயிற்சியும் அதே கட்டடத்தில் உண்டா, சக்கர நாற்காலி உள்ளே போகச் சாய்தளமோ லிப்டோ இருக்கிறதா. கடைசிக் கேள்வியை அற்பமென்று விட்டுவிட வேண்டாம். மறுவாழ்வுக்கென்று வைத்த இடத்துக்கே நான்கு படி ஏறித்தான் போக வேண்டும் என்றால், அங்கே வரும் நோயாளியைப் பற்றி எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பது வாசலிலேயே தெரிந்துவிடும்.

குழந்தைக்கு என்றால் வழி சற்று வேறு. தலை நிற்காத, உட்காராத, ஒரு பக்கத்தை மட்டும் பயன்படுத்தும் குழந்தையை ‘தானாகச் சரியாகும்’ என்று காத்திராமல், குழந்தைகள் பிரிவில் காட்டி, வளர்ச்சிக் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து பயிற்சி தரும் அரசு இடையீட்டு மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

வேலூரா, சென்னையா, உள்ளூரா

இந்தக் கேள்வியை எல்லாக் குடும்பங்களும் கேட்கின்றன. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு, குறிப்பாக இளைஞருக்கு, சில வாரங்கள் உள்நோயாளியாக இருந்து எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளும் இடம் தேவை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தாமே குழாய் விட்டுச் சிறுநீர் எடுப்பது, கண்ணாடி வைத்துத் தம் முதுகைத் தாமே பார்த்துப் புண் வருகிறதா என்று அறிவது ஆகியவற்றைப் புறநோயாளியாகப் போய்க் கற்பது கடினம். அவருக்கு வேலூர் பாகாயத்தில் உள்ள மறுவாழ்வு நிலையமோ, சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமோ அலைச்சலுக்குத் தகுந்த பலன் தரும். சேலம் ஜங்ஷனிலிருந்து சென்னை செல்லும் ரயில்களில் பெரும்பாலானவை காட்பாடி வழியாகவே போகின்றன. காட்பாடியில் இறங்கினால் வேலூர்தான். உடன் ஒருவர் இல்லாமல் பயணம் செய்ய முடியாத உடல் ஊனம் உள்ளவருக்கும் துணைக்குச் செல்பவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான அட்டையை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

பக்கவாதம் வந்த எழுபது வயதுக்காரருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவரை மாதத்துக்கு ஒரு முறை, சில சமயம் இரு முறை மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும். இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய பெயரைவிட, ஆட்டோவில் போகும் தொலைவில் இருந்துகொண்டு, போன மாதம் கை எவ்வளவு உயர்ந்தது என்று நினைவு வைத்திருக்கும் மருத்துவரே அவருக்கு நல்லவர். ஒருமுறை பெரிய மையத்தில் காட்டித் திட்டம் எழுதி வாங்கி, அதை உள்ளூரில் தொடர்வது இரண்டுக்கும் நடுவழி.

மலையிலிருந்து வருபவர்களுக்கு

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. நலமாக இருப்பவருக்கே வயிற்றைப் புரட்டும் அந்தப் பாதையில், உட்காரும் சமநிலை இழந்த ஒருவரை ஜீப்பின் பின்னிருக்கையில் வைத்துக் கொண்டுவருவது எளிதன்று. மலைக்கிராமங்களில் சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகைப் பறிக்க ஏறித் தவறி விழுபவர்களுக்கு முதுகுத்தண்டு அடிபடுவது உண்டு. விழுந்த இடத்திலிருந்து அவரை உட்கார வைத்தோ, தோளில் சாய்த்தோ தூக்கிவரவே கூடாது. 108 வரும் வரை கழுத்தும் முதுகும் வளையாமல், அசைக்காமல் வைத்திருந்து, பலகையில் படுக்க வைத்தே கொண்டுவருவதுதான், பின்னால் எந்த மறுவாழ்வு மருத்துவராலும் ஈடு செய்ய முடியாத உதவி.

பிந்தைய வருகைகளுக்கு, மலையில் இருப்பவர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்யுங்கள். மருத்துவர், பட்டை செய்பவர், சிறுநீர்ப் பரிசோதனை மூன்றும் ஒரே நாளில் அமையுமா என்று முந்தைய வருகையிலேயே கேட்டுவிடலாம். உணர்ச்சி இல்லாத உடம்போடு நீண்ட நேரம் உட்கார்ந்து வருபவர் அடியில் மெத்தை வைத்துக்கொண்டு, அரை மணிக்கு ஒருமுறையாவது உடம்பைத் தூக்கியோ சாய்த்தோ அழுத்தத்தை மாற்ற வேண்டும். ஒரே பயணத்தில் விழுந்த படுக்கைப்புண் ஆற மாதக்கணக்காகலாம். அன்றாடப் பயிற்சிக்கு மலையிறங்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருவதும் அடக்கம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மருத்துவர் எழுதிய பயிற்சித் திட்டத்தின் நகலை வீட்டுக்கு வருபவரிடம் கொடுத்தால் இருவர் வேலையும் ஒன்றாகும்.

மருத்துவரிடம் நீங்களே சொல்ல வேண்டிய ஒரு செய்தியும் இருக்கிறது: நீங்கள் வாழ்வது மலையில் என்பது. குளிரில் தசை விறைப்பு கூடுகிறது என்று பல நோயாளிகள் உணர்கிறார்கள். மார்கழியில் அடுப்பையோ கணப்பையோ சுற்றி உட்காரும்போது, உணர்ச்சியற்ற பாதம் சுடுவது தெரியாமலே வெந்துவிடும். சுடுநீர்ப் பையாலும் அப்படியே. சமவெளியில் நேர்மாறு. முதுகுத்தண்டின் மேற்பகுதியில் அடிபட்டவருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது என்பதால், சேலத்துச் சித்திரை வெயிலில் உடற்சூடு ஏறிவிடும். வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டு அதற்கேற்ப அறிவுரை சொல்பவர் உங்களுக்கு வாய்த்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது

டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் படங்கள், மாத்திரைகள் ஆகியவற்றை எல்லாரும் எடுத்துப்போவார்கள். அவற்றோடு இரண்டு பொருள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, மூன்று நாள் குறிப்பு: எத்தனை மணிக்கு எழுந்தார், யார் துணையோடு கழிப்பறைக்குப் போனார், தாமே உண்டாரா, எதை விழுங்கும்போது இருமினார், எங்கே வலித்தது. மற்றொன்று, வீட்டின் அளவுகள். எங்களிடம் அந்த மருத்துவர் கேட்ட இரண்டாவது கேள்வியே, “கழிப்பறைக் கதவு எத்தனை அங்குலம்?” என்பதுதான். விழித்தோம். செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீடு பழைய மாதிரி. நீளமாகப் போய்ப் பின்கட்டில் கழிப்பறை. வீட்டுக்கு வந்து டேப் வைத்து அளந்தபோது கதவு இருபத்திரண்டு அங்குலம் இருந்தது. நாங்கள் முன்பணம் கொடுத்திருந்த சக்கர நாற்காலியோ இருபத்தைந்து அங்குலம். அந்த நாற்காலியை வாங்கியிருந்தால் அவர் கூடத்தோடு நின்றிருப்பார். கதவைக் கழற்றித் திரை போட்டு, சக்கரம் வைத்த குறுகலான கமோடு நாற்காலி வாங்கச் சொன்னார் மருத்துவர். அன்றிலிருந்து, பெற்ற மகள் முன் கூனிக் குறுகிப்போன என் தந்தை தம் வேலையைத் தாமே பார்த்துக்கொண்டார். எந்த மாத்திரையும் அவர் முகத்தில் அந்த நிம்மதியைக் கொண்டுவந்ததில்லை.

மூன்றாவது கேள்வி, “ஐயா, நீங்க என்ன தொழில் செஞ்சீங்க?” என்பது. நாற்பதாண்டு கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை என்று தந்தை குழறிச் சொன்னார். இடக்கையால் பிடித்து வலக்கையால் பற்றவைப்பார். அடுத்த வாரம் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், நெகிழிக் கட்டைகளை ஒதுக்கிவிட்டு, எங்களையே ஒரு பிடி கொலுசு மணிகளைக் கொண்டுவரச் சொன்னார். தட்டில் கொட்டிய மணிகளை இடக்கையின் இரண்டு விரலால் ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். முதல் நாள் அரை மணி நேரத்தில் மூன்று மணிகளை எடுத்தார். அதை அலுக்காமல் செய்தார், அவை அவர் கைக்குத் தெரிந்த பொருள்கள் என்பதால்.

நல்ல மறுவாழ்வு மருத்துவரை அடையாளம் காண எனக்கு இதைவிட வேறு அளவுகோல் தெரியாது. அவர் நோயைப் பற்றிக் கேட்பதோடு நோயாளியின் வாசற்படியையும் தொழிலையும், கவனித்துக்கொள்பவரின் முதுகையும் பற்றிக் கேட்பார். ‘ஆறு வாரத்தில் பிடித்துக்கொண்டு பத்தடி நடக்க வேண்டும்’ என்பது போல அளக்கக்கூடிய இலக்கை எழுதித் தருவார். எட்டவில்லை என்றால் ஏன் என்று பார்த்துத் திட்டத்தை மாற்றுவார். எது திரும்ப வராது என்பதையும் மறைக்காமல், மெதுவாகச் சொல்வார். மாறாக, ஆள் முகத்தைப் பார்க்கும் முன்பே இத்தனை நாளுக்கு இத்தனை ஆயிரம் என்று தொகுப்பு விலை சொல்பவரிடமும், முழுதாகக் குணமாக்குவதாக உறுதி கொடுப்பவரிடமும் எச்சரிக்கையாக இருங்கள். தசை விறைப்புக்குப் போடும் போட்டுலினம் ஊசியை யாராவது பரிந்துரைத்தால், எந்தத் தசைக்கு, எதற்காக என்று கேளுங்கள். அதன் பலன் பொதுவாக மூன்று நான்கு மாதமே நிற்கும். அந்த மாதங்களில் தசையை நீட்டும் பயிற்சியும் பட்டையும் சேர்ந்தால்தான் செலவு வீண்போகாது.

எண்ணெய் தேய்ப்பது குறித்தும் கேட்பார்கள். மென்மையாகத் தடவுவதில் பொதுவாகத் தீங்கில்லை. ஆனால் உணர்ச்சியில்லாத காலில் சூடான ஒத்தடம் வைப்பதும், மூட்டைச் சொடுக்கி இழுப்பதும் வேண்டாம். கெண்டைக்கால் திடீரென வீங்கிச் சிவந்து வலித்தால் தேய்க்கவே கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

செலவும் சான்றிதழும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், உள்நோயாளி மறுவாழ்வுச் சிகிச்சைக்கு அது பொருந்துமா என்று சேர்வதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மேசையில் கேளுங்கள். திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993. தனியார் காப்பீட்டில் ‘பிசியோதெரபிக்கு மட்டும் சேர்க்கை’ என்று காரணம் காட்டி மறுப்பது உண்டு. அதனால் மருத்துவர் எழுதும் சேர்க்கைக் குறிப்பில் மருத்துவக் காரணங்கள் விரிவாக இருக்கட்டும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்று சான்றளிக்கப்பட்டவர்களுக்குப் பல சலுகைகள் கிடைக்கும். தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்தபின் மருத்துவர் நேரில் மதிப்பிடுவார். மறுவாழ்வு மருத்துவரிடம் தொடர்ந்து போயிருந்தால், எந்த மாதம் எந்த நிலை என்ற பதிவு அந்த மதிப்பீட்டுக்கு முதுகெலும்பாக நிற்கும். சக்கர நாற்காலி, காலைத் தாங்கும் காலிப்பர், செயற்கைக் கால், இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் ஆகியவற்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் முகாமில் கிடைக்கிறது என்பதற்காக அளவு பொருந்தாத நாற்காலியை வாங்கிவிடாதீர்கள். இருக்கையின் அகலம், ஆழம், கால்தாங்கியின் உயரம் ஆகியவற்றை மருத்துவரிடமோ தெரபிஸ்டிடமோ முன்னரே எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

பாதம் தொங்காமலிருக்கப் பட்டை செய்து தந்தால், முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுவிட்டுக் கழற்றிக் கணுக்காலையும் குதிகாலையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பட்டை பதிந்த சிவப்பு அரை மணி நேரத்துக்குள் மறைந்தால் கவலையில்லை. மறையாவிட்டால், நடைப்பயிற்சி கெட்டுவிடுமே என்று எண்ணி மீண்டும் போடாமல், பட்டையையும் காலையும் செய்தவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள்; அந்த இடத்தை மட்டும் சூடாக்கி வெளியே தள்ளிக் கொடுப்பது அவருக்குச் சில நிமிட வேலை.